மூன்றும் ஒரு புள்ளியும்

கதவின் அடி இடுக்கில் நீலம் போய்ப் பச்சை வந்தது. பெஞ்சமின் சார் இரண்டாவது பகுதிக்கு வந்துவிட்டார் என்று வெளியே சோபாவில் உட்கார்ந்திருந்த ஜெயக்கொடிக்குத் தெரிந்தது. உள்ளே ஆய்வு முடிவுகளைக் காட்டுகிற திரையில் பகுதி மாறினால் இடுக்கின் நிறமும் மாறும். நீலம் என்றால் யாரை எப்படிக் கேட்டோம் என்பது, பச்சை என்றால் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது. கடைசியில் ஆரஞ்சு வரும். அதில் எழுபத்து மூன்று என்ற ஒரே எண்தான், சுவர் அளவுக்குப் பெரிதாக. நாட்டில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு எழுபத்து மூன்று பேர், ஊருக்கு வருகிற மருத்துவ வண்டி வேண்டாம், கைப்பேசியில் டாக்டரைப் பார்க்கிற செயலியே போதும் என்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் அப்படிச் சொன்னால்தான் வண்டியை நிறுத்துவது என்று வண்டிகளை நடத்துகிற அறக்கட்டளை முன்பே முடிவு செய்து வைத்திருந்தது. எழுபத்து மூன்று அந்தக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்ட எண். அதைப் பார்த்ததும் உள்ளே இருக்கிற அதன் உறுப்பினர்கள் கை தூக்குவார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து போவார்கள், வண்டிகள் நின்றுவிடும். அந்த நிறங்களைத் தேர்ந்தெடுத்தது ஜெயக்கொடிதான். எண்ணும் அவளுடையதுதான். "கேள்வி ஏதாச்சும் வந்தா கூப்பிடறேன்மா, அதுவரைக்கும் நிம்மதியா உட்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருந்தார் அவளுடைய முதலாளி பெஞ்சமின் சார், மேல்கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கல்யாண மண்டபத்துக்குள் நுழைகிற பெண்ணின் அப்பா மாதிரி. நிம்மதியாகத்தான் உட்கார்ந்தாள். குளிர்சாதனம் நேராகக் கழுத்தில் வீசியது, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எங்கிருந்தோ பினாயில் வாசனை, அதன் மேல் காப்பி வாசனை. உள்ளே யாரோ சிரித்தார்கள். நல்ல சிரிப்பு, திருப்தியான சிரிப்பு. ஆரஞ்சு கொஞ்சம் அடிக்கிற மாதிரி இருக்குமோ, மஞ்சளே போட்டிருக்கலாமோ என்று யோசித்தாள். அந்த யோசனைக்குள் எப்படியோ அந்தக் கல்வராயன் மலை அம்மாளின் குரல் நுழைந்துவிட்டது.

அந்த அம்மாளை ஜெயக்கொடி பார்த்ததில்லை. ஆய்வுக்காகக் கூப்பிட்ட ஆறாயிரம் பேரில் ஒருத்தி. ஒழுங்காகக் கேட்கிறார்களா என்று சோதிக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பதிவுகளைக் கேட்பது அவள் வழக்கம். அப்படி அகப்பட்ட குரல். காதில் மாட்டிக்கொண்டு ஆபீசில் தனியாகச் சிரித்தாள். கால் சென்டர் பெண் மரியாதையாக ஆரம்பிக்கிறாள், வணக்கம்மா, ரெண்டு நிமிஷம் பேசலாமாம்மா. மறுமுனையில், "எங்கிட்டயா கேக்குற? எம்மவன் வெளியே போயிருக்கான், அவன் செல்லு இது." உங்ககிட்டதாம்மா. "எங்கிட்ட இன்னா கேக்கப் போற?" பள்ளிக்கூடம் போயிருக்கீங்களா? "போயிருக்கேன், சத்துணவு ஆக்கறதுக்கு." அதற்குப் பிறகு செயலியைப் பற்றி விளக்குகிறாள் இந்தப் பெண், மூச்சு விடாமல். கேட்டுவிட்டு அந்த அம்மாள் சொன்னாள், "ஏம்மா, செல்லு எம்மவனோட திருப்பூருக்குப் போயிருமே. கோயில் திருவிழான்னு வந்திருக்கான், திங்கக்கிழம ஏறிருவான். அப்பறம் நான் எந்தச் செல்லுல போயி டாக்டரைப் பாக்க? வண்டின்னா கண்ணுக்குத் தெரியும். கை காட்னா நிக்கும்." சரிம்மா, வண்டின்னு போட்டுக்கிறேன். "எம் பேரயும் போட்டுக்க." பேரு வேணாம்மா. "பேரு வேணாமா? அப்ப யாரு சொன்னதுன்னு எழுதுவே?" அதோடு பதிவு முடிகிறது. அந்த அம்மாள் கிடைத்தது திருவிழா புண்ணியத்தால். கைப்பேசி ஊருக்கு வந்ததால் அவள் நாட்டுக்குள் வந்தாள். மற்ற நாளில் கூப்பிட்டிருந்தால் திருப்பூரில் பனியன் கம்பெனி இரைச்சலில் மகன் எடுத்திருப்பான், அம்மாவுக்கும் சேர்த்துச் செயலி சூப்பர் மேடம் என்று சொல்லிவிட்டு வைத்திருப்பான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், பானையைக் கிளறிவிட்டு எடுத்தால். போனில் கேட்கிற ஆய்வு கிளறாத பானை. மேலாக இருப்பவர்கள்தான் கரண்டியில் வருவார்கள். படித்தவர்கள், பட்டணத்தில் இருப்பவர்கள், சட்டைப் பையில் போன் வைத்திருப்பவர்கள். அடியில் வெந்தும் வேகாமலும் கிடப்பவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்தான் வந்தார்கள், நாட்டில் அந்த வயதுக்காரர்களில் பள்ளிக்கூடம் போகாதவர்கள் நூற்றுக்கு முப்பது என்று மக்கள்தொகைக் கணக்கு சொல்லும்போது. அதற்குத்தான் எடை. எட்டுப் பேரை முப்பது பேராக எண்ண வேண்டும், அதாவது ஒருவர் கிட்டத்தட்ட நாலு பேருக்காகப் பேசுவார். அதிகம் வந்தவர்களின் குரல் அதே அளவுக்கு இறங்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வராதவர்களுக்கு நாற்காலி போட்டு வைப்பதுதான். இதைத்தான் ஜெயக்கொடி ஒரு வாரம் உட்கார்ந்து செய்தாள். பதிவைக் கேட்டு முடித்த கையோடு, இந்த அம்மாளுக்கு நான் எவ்வளவு கொடுத்திருக்கிறேன் பார்ப்போம் என்று ஆசையாக அவளுடைய வரிசையைத் திறந்து பார்த்தாள். திரையில் இருந்தது மூன்று. மூன்றும் ஒரு புள்ளியும்.

புள்ளி எந்தப் பக்கம் இருந்தது?

சும்மா எழுந்த கேள்விதான் அது, காலில் முள் தைத்தால் முதலில் வலிக்காத மாதிரி. மூன்று, அதற்குப் பின் ஒரு புள்ளி, பிறகு ஏதோ. அல்லது ஒரு சைபர், ஒரு புள்ளி, அதற்குப் பின் மூன்று. மூன்று ஆள் அல்லது கால் ஆளுக்குச் சற்று மேல். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திரை வந்தது, சாம்பல் கட்டங்கள் வந்தன, மூன்று வந்தது, புள்ளி மட்டும் கொசு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்தது. பார்த்த அந்த நிமிஷத்தில்தான் யாரோ "கேக் வெட்டறாங்க, வாங்க" என்று கூப்பிட்டார்கள், ஆபீசிலேயே சின்னவன் இர்ஃபானுடைய பிறந்தநாள், மூடிவிட்டு எழுந்து போனாள், விரலில் கிரீமோடு திரும்பி வந்து வேறு வேலை பார்த்தாள். அப்போதே அரிசியில் கல் மாதிரி ஏதோ ஒன்று பல்லில் பட்டதா? பட்டது போலத்தான் இருக்கிறது. இல்லை, இப்போது பயத்தில் அப்படித் தோன்றுகிறது. சைபர் புள்ளி மூன்றாக இருக்க முடியாது, நீ சரிபார்த்தாய். ஆண் பெண் பார்த்தாய், சரிபாதி வந்தது. வயது பார்த்தாய். மாநிலம் மாநிலமாகப் பார்த்தாய். மொத்தம் ஆறாயிரம் சுத்தமாக வந்தது. படிப்பு? படிப்பையும் பார்த்தாய், முதல் தடவை, பதில்களைக் கூட்டுவதற்கு முன்பு. பிறகு அறக்கட்டளைக்காரர்கள் கடைசி நேரத்தில், எட்டாவது வரை படித்தவர்களைத் தனியாகக் காட்ட வேண்டாம், மற்ற படித்தவர்களோடு சேர்த்துவிடுங்கள் என்றார்கள். அந்த ஒரு காரணியை மட்டும் திரும்பப் போட்டாய். நின்றுகொண்டே போட்டாய், கைப்பை தோளில் தொங்க. அதற்குப் பிறகு பார்த்தது மொத்தத்தை மட்டும்தான். மொத்தம் எப்போதும் சரியாகத்தான் வரும், ஏனென்றால் கடைசியில் எல்லாவற்றையும் இழுத்து ஆறாயிரத்துக்குள் அடக்குகிற வேலையையும் நீயே அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். தலைகீழாக நின்றாலும் ஆறாயிரம்தான் வரும். நாட்டை மேலே போட்டு, கேட்டவர்களைக் கீழே போட்டு வகுக்க வேண்டும். முப்பதை எட்டால். எட்டை முப்பதால் வகுத்தாயா? விருதுநகர்க் கல்லூரியில் முதல் வருஷம் ஒரு தடவை இப்படித்தான் பின்னத்தைக் கவிழ்த்துப் போட்டாள். லூர்து மேரி மிஸ் விடைத்தாளை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டி, "ஆளுக்குச் சோறு பங்கு போடுறதைப் பார்த்திருக்கேன், ஜெயக்கொடி மட்டுந்தான் சோத்துக்கு ஆளைப் பங்கு போடுறா" என்றார், வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். கைப்பேசி அதிர்ந்தது. மகன். அம்மா ஸ்கூட்டர் சாவி எங்க? செருப்பு ஸ்டாண்ட் மேல என்று தட்டினாள். இல்லையே. அங்கதான் பாரு. பார்த்துட்டேன் இல்ல. இங்கேயும் அப்படித்தான், தப்பு இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். மடிக்கணினி உள்ளே, இர்ஃபானிடம், திரையோடு கோத்துக் கட்டியிருக்கிறது. ஒரே ஒரு வரிசையைத் திறந்து பார்த்தால் உயிர் வந்துவிடும். உள்ளே மறுபடியும் சிரித்தார்கள். பச்சை இன்னும் பச்சையாகவே இருந்தது.

வீட்டில் அவளுடைய சந்தேகத்துக்கு மரியாதை கிடையாது. பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டு கேஸை மூடினோமா என்று திரும்பி வருவாள். கதவைப் பூட்டினோமா என்று இழுத்துப் பார்ப்பாள், நாலு படி இறங்கிவிட்டு மறுபடியும் ஏறிப் போய் இழுப்பாள். ஒரு நாளாவது கேஸ் திறந்திருந்ததா? இல்லை. "உனக்குப் பூட்டுகூட பயந்துபோய் தானாவே பூட்டிக்கும்" என்பார் அவள் வீட்டுக்காரர். இத்தனை தடவை பொய் சொன்ன மனசு இன்றைக்கு மட்டும் உண்மை சொல்லும் என்று என்ன நிச்சயம். அதை நம்பிக் கதவைத் திறந்துகொண்டு போய், இத்தனை பெரிய மனிதர்கள் முன்னால், தப்பு என்று சொல்லி, இர்ஃபான் அந்த வரிசையைத் திறந்து காட்ட, அங்கே மூன்று புள்ளி ஏழு என்று அழகாக உட்கார்ந்திருந்தால்? பெஞ்சமின் சாரின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். வீடு, குழந்தை, வீட்டுக்காரரின் இடமாற்றம் என்று பல வருஷம் வேலையை விட்டுவிட்டு வந்தவளை எல்லா ஆபீசிலும் நடுவில் என்ன செய்தீர்கள், நடுவில் என்ன செய்தீர்கள் என்றே கேட்டார்கள். அவர் மட்டும்தான் நடுவை விட்டுவிட்டு, "காப்பி குடிப்பீங்களா, டீயா? இங்கே காப்பி மோசமா இருக்கும், முன்னாடியே சொல்லிடறேன்" என்றார். ஐந்து பேர் வேலை செய்கிற சின்ன ஆபீஸ். இவ்வளவு பெரிய வேலை அதற்கு இதுவரை வந்ததில்லை. அவர் போட்ட விதி ஒன்றுதான்: தப்பு நடந்தால் முதலில் என்னிடம் வாருங்கள், வெளி ஆளிடம் போகாதீர்கள். போகலாம், நன்றாகப் போகலாம். அவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அந்தத் தப்பைத்தானே விளக்கிக்கொண்டிருக்கிறார்.

கதவு திறந்தது. அவள் பாதி எழுந்துவிட்டாள். இர்ஃபான்தான், கையில் காலித் தண்ணீர் பாட்டிலோடு. "அக்கா, ஏன் இப்படி வேர்த்திருக்கீங்க? இந்த ஏசியிலயா?" ஒன்றுமில்லை, இர்ஃபான், அந்த ஃபைலைத் திறந்து ஒரு வரிசை பார்க்கணும். "இப்பவா? ஸ்கிரீன்ல சார் ஓடிட்டிருக்காருக்கா. நான் ஃபைலைத் திறந்தா அந்த ஆறாயிரம் பேரும் செவுத்துல வந்து நிப்பாங்க." ஒரே ஒரு வெயிட்டுதான்ப்பா. "அக்கா, உங்க வெயிட்டைப் பார்த்துதான் உள்ள எல்லாரும் வாயைப் பிளந்திருக்காங்க. சார் சும்மா பின்னி எடுக்கறாரு. வெயிட் போடறதுக்கு முன்னாடி அறுபத்தொன்பது, போட்டப்புறம் எழுபத்து மூணு, ஆக வாய் பேசாத ஜனங்களும் செயலிதான் கேக்கறாங்கன்னு. ஒரு பெரியவர் எழுந்து கை குடுத்துட்டாரு." அவன் பாட்டிலை நிரப்பினான். தண்ணீர் விழுகிற சத்தம் மெல்ல மெல்ல உச்சஸ்தாயிக்கு ஏறியது. "தீ அக்கா நீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான், கதவு தானாக மூடிக்கொண்டது, மெதுவாக, கடைசி அங்குலத்தில் பெருமூச்சு விட்டு. ஏறிற்று என்றானே. அறுபத்தொன்பது எழுபத்து மூன்றாக ஏறிற்று. அவள் அசையாமல் உட்கார்ந்தாள். இனி புள்ளியைத் தேட வேண்டியதில்லை, வரிசையைத் திறக்க வேண்டியதில்லை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது புரியும். பள்ளிக்கூடம் போகாதவர்களில் பத்துக்கு ஒருவர்தான் செயலி கேட்டார். அவர்கள் குரலைக் கூட்டினால் செயலியின் எண் இறங்கத்தான் வேண்டும். வேறு வழியே இல்லை, வெல்லம் போட்டால் இனிக்கத்தான் வேண்டும். எண் ஏறியிருக்கிறது. ஆகவே குரலைக் கூட்டவில்லை, குறைத்திருக்கிறாள். எட்டுப் பேரை முப்பதாக்காமல் இரண்டாக்கியிருக்கிறாள். மனசுக்குள்ளேயே சரியாகப் போட்டுப் பார்த்தாள், நிதானமாக: படித்த எழுபது பேரில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைய, ஐம்பத்திரண்டு, படிக்காத முப்பது பேரில் மூன்று பேர், ஆக ஐம்பத்தைந்து. ஐம்பத்தைந்து மூன்றில் இரண்டு பங்கு ஆகாது. வண்டி நிற்கக் கூடாது. சந்தேகமாக இருந்தவரைக்கும் எவ்வளவு சுகமாக இருந்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

இனி எழுந்து போக வேண்டியதுதான். அவள் எழவில்லை. தொடைக்கு அடியில் சோபாவின் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் சொல்லலாம் என்று ஒரு எண்ணம் வந்தது, நல்ல பிள்ளை மாதிரி, தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு. சாரிடம் தனியாகச் சொல்லலாம், விதியும் அதுதானே. அவர் பக்குவமாக ஒரு கடிதம் எழுதுவார், சிறு திருத்தம் என்று. சிறு திருத்தத்தை யார் படிப்பார்கள், கை தூக்கி இறக்கிய பிறகு? தூக்கின கையைத் திரும்பத் தூக்கச் சொன்னால் பெரிய மனிதர்களுக்குத் தோள் வலிக்கும். செயலியும் நல்லதுதானே, நாளைக்கு எல்லார் கையிலும் போன் வந்துவிடும்தானே, அந்த மகனே அம்மாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவான்தானே. தானே, தானே என்று மனசு தலையாட்டிக்கொண்டே வந்தது. இப்படியே எத்தனை பேர். மலையில் ஒருத்தி மட்டுமா, ஆறாயிரத்தில் நூற்றுக்கு எட்டு எட்டாக எண்ணினால் நானூற்று எண்பது பேர். இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, கைமாற்றாகக் கிடைத்த போனில், யாரோ ஒரு பெண் கேட்டாளே என்று பதில் சொன்னவர்கள். எடையை யாரும் தொடாமல் இருந்திருந்தால்கூட அவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேராகவே இருந்திருப்பார்கள். ஜெயக்கொடி எடை போட்டாள், இரண்டு பேர் ஆனார்கள். எடையே போடாமல் விட்டிருக்கலாம். படிக்காதவர்களை ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கிறவன்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டான், தசமத்தோடு. செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ வண்டி வருகிற பாதையில் யாராவது கையைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். நிற்கிறவர்களுக்கு யாரும் போய்ச் சொல்லப் போவதில்லை. அது தெரியாமல் அடுத்த வாரமும் வந்து நிற்பார்கள். சொன்னால் ஆபீஸ் போய்விடும். இர்ஃபானுக்கு வேறு எங்காவது கிடைக்கும், அவன் சின்னப் பையன். சாருக்கு என்ன கிடைக்கும்? அவளுக்கு இனி யார் காப்பியா டீயா என்று கேட்பார்கள்? நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள், இந்தத் தடவை சொல்வதற்கு ஒன்று இருக்கும். வாந்தி வந்துவிட்டால்கூட நல்லது, யாராவது வந்து தூக்கிப் போய்விடுவார்கள். வரவில்லை. உள்ளே பேச்சு நின்றது. நாற்காலி நகர்கிற சத்தம். கதவின் அடியில் பச்சை அணைந்தது, ஒரு கணம் வெறும் இருட்டு, பிறகு ஆரஞ்சு அவள் செருப்பு முனை வரைக்கும் வழிந்து வந்தது. கண்ணில் அடிக்கத்தான் அடிக்கிறது, மஞ்சளே போட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே எழுந்தாள். எழுந்தது தான்தான் என்று கைப்பிடியின் குளிர் உள்ளங்கையில் பட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

திரையின் வெளிச்சத்தில் எல்லா முகமும் ஒரே நிறமாக இருந்தது. பெஞ்சமின் சார் அவளைப் பார்த்துவிட்டார், முகம் மலர்ந்துவிட்டது. "இதோ, நினைச்சேன், வந்துட்டாங்க. இந்த நம்பரைப் போட்டது இவங்கதான். நீங்க கை தூக்கறதுக்கு முன்னாடி இவங்களுக்கு ஒரு கை தட்டிடுங்க." தட்டினார்கள். நல்ல மனிதர்கள், தாராளமாகத் தட்டினார்கள், மேஜைக் கோடியில் இருந்த தலைவர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தட்டினார். மடிக்கணினிக்குப் பின்னாலிருந்து இர்ஃபான் விசில் அடிக்காத குறையாகத் தட்டினான். ஜெயக்கொடி வாயைத் திறந்தாள், அந்தச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஓயட்டும் என்று நின்றாள். ஓய்ந்தது, மழை விடுகிற மாதிரி, இங்கே ஒன்று அங்கே ஒன்று. பெஞ்சமின் சார் மட்டும் நிறுத்தவில்லை. "சார், தட்டாதீங்க" என்றாள். "பார்த்தீங்களா, இவங்க எப்பவும் இப்படித்தான்" என்று அவர் மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு இன்னும் பலமாகத் தட்டினார். "அந்த நம்பர் தப்பு சார். எழுபத்து மூணு இல்லை, ஐம்பத்தஞ்சு. பள்ளிக்கூடம் போகாதவங்க வெயிட்டைக் கூட்டறதுக்குப் பதிலா குறைச்சிட்டேன். நான்தான் குறைச்சேன். வண்டியை நிறுத்தாதீங்க." அவருடைய இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொடாமல், ஒரு சாண் இடைவெளியில், அந்தரத்தில் அப்படியே நின்றன, யாரோ கனமான ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனதுபோலவும், அதை எங்கே இறக்கி வைப்பது என்று அவருக்குத் தெரியாததுபோலவும்.